இரண்டாம் தட்டு, நீல ஃபைல்

உங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறது?

உங்கள் வீட்டு பீரோவில் என்றால் காலை நீட்டி உட்கார்ந்து படியுங்கள். வேறு யாருடைய பீரோவிலாவது என்றால் கதவைச் சாத்திவிட்டுப் படியுங்கள். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது.

நான் ஓய்வு பெற்ற ஊழியர். வயது இருபத்தொன்பது. இந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்தது நான் படித்த விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் துறையின் இன்றைய பிள்ளைகள். போன மாதம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் வழிமறித்து, "பெனிட்டாக்கா, நீங்க இப்ப ரிட்டயர்டு ஆளுல்லா, சும்மாதான இருக்கிய, நம்ம டிபார்ட்மெண்ட் மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை தாங்களேன்" என்று கேட்டார்கள். சும்மா இல்லை, தேர்வு எழுதி அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். "அதத்தான் சொல்லுதோம்" என்றான் ஒருவன். அவன் முன்னேறுவான்.

அதற்கு முன்னால் ஆறு வருடம் நான் லொகேஷன் மேனேஜர். சென்னையிலிருந்து வெப் சீரிஸ் எடுக்க வருகிறவர்களுக்குத் தாமிரபரணிக் கரையில் வீடு, ஆஸ்பத்திரி, ஆபீஸ், கல்லூரி என்று இடம் பிடித்துக் கொடுப்பதும், எடுத்து முடிக்கிறவரை அந்த இடம் கை நழுவாமல் பார்த்துக்கொள்வதும் வேலை. இப்போது அந்த வேலையே தேய்கிறது. கல்லூரி வேண்டுமா, பச்சைத் துணியை மாட்டிக் கம்ப்யூட்டரில் கட்டிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் கட்டிய கல்லூரியில் தாளாளர் வந்து குறுக்கே நிற்க மாட்டார். அதுதான் அதன் குறை என்று நான் சொல்வேன்.

தொழில் கற்ற கதை சின்னது. முதலில் நடிகைக்குக் குடை பிடித்தேன். பிறகு குடை பிடிக்க ஆள் பிடித்தேன். அதன் பிறகு இடம் பிடிக்க விட்டார்கள். என் நேரம், எனக்கு வந்தவை எல்லாம் ஒரே ஜாதகம். பெரிய ஆஸ்பத்திரியில் அக்கிரமம், பெரிய டிரஸ்டில் அக்கிரமம், பெரிய பள்ளிக்கூடத்தில் அக்கிரமம். மேலே இருப்பவன் ஆடுவான், கீழே இருப்பவள் அழுவாள், கடைசி எபிசோடில் யாராவது கோர்ட்டுக்குப் போவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஜாலி. எனக்குத்தான் தலைவலி, ஏனென்றால் இந்தக் கதையை எடுக்க எனக்கு ஒரு நிஜ ஆஸ்பத்திரியும் நிஜ டிரஸ்டும் வேண்டும். "உங்களைப் போன்ற ஒரு அயோக்கியனைப் பற்றிப் படம் எடுக்கிறோம், உங்கள் ரூமைக் கொடுங்கள்" என்று யாரிடம் போய்க் கேட்பது?

இங்கேதான் என் தொழில் ரகசியம். பிள்ளைகளே, எழுதிக்கொள்ளுங்கள். பொய் சொல்லவே கூடாது. கதையை மறைக்கவும் கூடாது. முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை ஒரு வரி விடாமல் சொல்லிவிட வேண்டும். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். அந்த அயோக்கியன் யார் என்று அவரே கண்டுபிடித்துவிடுவார். அது எப்போதும் அவருடைய போட்டிக்காரனாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்காரர் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியைச் சொல்வார். ஸ்கூல்காரர் எதிர் ஸ்கூலைச் சொல்வார். அப்புறம் ரூம் மட்டுமா, காபி, டிபன் எல்லாம் தருவார்கள். ஆறு வருடத்தில் ஒரு ஆள்கூடத் தன்னைக் கண்டுபிடித்ததில்லை.

அந்த நம்பிக்கையில்தான் ஆற்றுக்கு இக்கரையில் இருக்கும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரித் தாளாளரிடம் போனேன். பெயர் வேண்டாம், இக்கரைக் கல்லூரி என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. நாற்காலி முதுகில் வெள்ளைத் துருக்கித் துண்டு. பின்னால் ஆள் உயர இரும்பு பீரோ. நான் கதையைச் சொன்னேன். ஒரு கல்லூரித் தாளாளர், வேலைக்குச் சேருகிற ஆசிரியர்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டையெல்லாம் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார். யாரும் வேறு வேலைக்குப் போக முடியாது, சம்பளம் கூட்டிக் கேட்க முடியாது, எதிர்த்துப் பேச முடியாது. ஒரு இளம் ஆசிரியை எதிர்க்கிறாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

தாளாளர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "இது அக்கரக் காலேஜ்காரன் கதைல்லா! அவன் அப்படித்தான் பண்ணுதான். நம்ம காலேஜ்ல அதெல்லாம் கெடையாதும்மா. சேரும்போது வாங்கி வைப்போம், அது பாதுகாப்புக்கு. கேட்டா குடுத்திருவோம். நீங்க தாராளமா எடுங்க. கூட்டத்துக்கு ஆளு வேணுமா? சனிக்கிழம லீவுதான், நம்ம ஸ்டாஃப் எல்லாரும் வந்து நிப்பாவ."

ஸ்டாஃபைக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். ஒருத்தர் முகத்திலும் வெயில் தவிர எதுவும் இல்லை.

எங்கள் டைரக்டர் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஒரு வயது சின்னவர். கத்தவே மாட்டார். ஷாட் மோசமென்றால் "சூப்பர்" என்பார். சுமாரென்றால் "ம்" என்பார். நிஜமாகவே பிடித்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் இடது காதைச் சொறிவார். யூனிட் முழுக்க அந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இன்னொரு பழக்கம், ஒத்திகையின்போதும் கேமராவை ஓடவிடுவார். "ரிகர்சல்லதான் மனுஷங்க உண்மையா இருக்காங்க, டேக்ல எல்லாரும் நடிக்கிறாங்க" என்பது அவர் கட்சி.

காலையில் எடுத்தது, ஆசிரியை சர்டிபிகேட்டைக் கேட்க, தாளாளர் மறுக்கும் காட்சி. வில்லனாக நடித்தவர் நிஜத்தில் பல்லியைப் பார்த்தாலே நகர்ந்து உட்காருகிற சாது. அவர் மேஜையைக் குத்தி, "தர முடியாது! வெளியே போ!" என்று கத்தினார். மேடம் "சூப்பர்" என்றார். இரண்டாவது தடவை அவர் கத்த ஆரம்பித்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கட்!"

சொன்னது மேடம் இல்லை. மானிட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நிஜத் தாளாளர்.

"மேடம், தப்பா நெனைக்காதிய. இப்படிக் கத்துனா எவ பயப்படுவா? கத்துதான்னாலே அவன் கையில ஒண்ணும் இல்லைன்னுல்லா அர்த்தம்."

மேடம் அமைதியாகக் கேட்டார். "பின்ன எப்படி சார் பண்ணணும்? நீங்களே காட்டுங்களேன்."

"எந்திரிங்க வே," என்று வில்லன் நடிகரை எழுப்பிவிட்டுத் தாளாளர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டைச் சரி செய்தார். எதிரே நிற்க ஆள் வேண்டும். நடிகைக்குத் தலை அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற ஒரு ஆசிரியையை நான் கை காட்டி அழைத்தேன். ரிஸ்வானா மிஸ், எலெக்ட்ரானிக்ஸ் துறை, மேலப்பாளையம்.

"மொதல்ல உக்காரச் சொல்லணும்" என்று தாளாளர் பாடம் எடுத்தார். "நின்னு கேட்டா அது உரிமை. உக்காந்து கேட்டா அது உதவி. உக்காரும்மா. அடுத்து டீ. டீ குடிக்கும்போது யாரும் சண்ட போட முடியாது. வாப்பா எப்படி இருக்காவ, உம்மாக்கு மூட்டுவலி தேவலயா, அப்படிக் குடும்பத்த விசாரிக்கணும். அவ வாயத் தொறக்கும்போது நாமளே முந்திக்கிட்டு, சர்டிபிகேட் விஷயமாத்தானம்மா வந்த, ஆடிட் நடக்குது, பீரோ சாவி செக்ரட்டரிகிட்ட இருக்குன்னு சொல்லிரணும்."

அந்தச் சாவி அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் தெரிந்தது.

ரிஸ்வானா மிஸ் எதிரே உட்கார்ந்து, மெல்லிய குரலில் சொன்னார். "அய்யா, எனக்குத் திங்கக்கிழமைக்குள்ள வேணும்."

"இருக்கட்டும்மா. நீ எனக்கு மக மாதிரி." தாளாளர் எங்களைப் பார்த்துத் திரும்பினார். "இத கடைசியாத்தான் சொல்லணும், மேடம். மக மாதிரின்னு சொல்லிட்டா பொறவு கேக்க மாட்டா."

ஸ்டாஃப் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மேடத்தைப் பார்த்தேன். காது சிவக்கச் சிவக்கச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அக்கரக்காரன் இப்படித்தான் பண்ணுவான்னு கேள்வி" என்று முடித்தார் தாளாளர்.

வில்லன் நடிகர் அதை அப்படியே பிடித்து ஒரே டேக்கில் ஓகே வாங்கினார்.

மத்தியானம் வேப்ப மரத்தடியில் யூனிட் சாப்பாடு. ரிஸ்வானா மிஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கூட கணக்கு வாத்தியார் சங்கரபாண்டி சார். அந்தக் கல்லூரியில் சிரித்த முகத்தோடு இருந்த ஒரே ஆள்.

"மிஸ், ஸ்கிரிப்ட்ல மாசக் கடைசின்னுல்லா இருக்கு. நீங்க திங்கக்கிழமைன்னு சொன்னிய" என்றேன்.

"ஸ்கிரிப்ட்ல உள்ளவளுக்கு மாசக் கடைசி. எனக்குத் திங்கக்கிழமை" என்றார்.

விஷயம் இதுதான். அவருக்கு அரசு பாலிடெக்னிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை ஒரிஜினல் எல்லாவற்றையும் காட்டிச் சேர வேண்டும். காட்டாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்கு வேலை போய்விடும். சர்டிபிகேட் அந்த பீரோவுக்குள் இருக்கிறது. இந்த மாதம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார். புகார் எழுதிப் போட்டால் பதில் வரும்போது அந்த வேலை இருக்காது.

"ஒவ்வொரு வாட்டியும் டீ குடுத்தே அனுப்புதாவ. இன்னைக்கும் அதே டீ, அதே மக மாதிரி. ஒரு சொல்லு மாறல. அவிய நடிச்சாவன்னா உங்க மேடம் நெனைக்காவ? அது நடிப்பு இல்ல, வேல" என்றார் மிஸ்.

"மிஸ்ஸாவது ஒரு மாசமாக் கேக்காவ" என்றார் சங்கரபாண்டி சார். "நான் கேக்க ஆரம்பிக்கும்போது எனக்குத் தலைமுடி இருந்துச்சு."

மிஸ் சிரித்துவிட்டு என்னைக் கேட்டார். "உங்க கதையில அந்தப் பிள்ளைக்கு எப்பக் கெடைக்கும்?"

"ஏழாவது எபிசோடு. கோர்ட் ஆர்டர் வந்து, தாளாளரே எடுத்துக் குடுப்பாரு."

"அத எப்ப எடுப்பிய?"

"இன்னைக்குச் சாயங்காலம். ரூம் இதேதான, அதனால ரெண்டையும் ஒரே நாள்ல எடுக்கோம்."

மிஸ் உருட்டிய தேங்காய்ச் சோற்றை இலையிலேயே வைத்தார். "எங்க காக்காவ பைக்கோட கேட்ல வந்து நிக்கச் சொல்லட்டா?" என்று கேட்டார். காக்கா என்றால் அவருடைய அண்ணன்.

"வீட்டுக்குப் போக வண்டி வேணும்லா மிஸ், நிக்கச் சொல்லுங்க" என்றேன். சங்கரபாண்டி சார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

நான் செய்தது மூன்றே காரியம். மேடத்திடம் போய், "அந்தச் சீன்லயும் ஒத்திகைக்கு மிஸ்ஸே நிக்கட்டும் மேடம், அவங்க எதிர்ல இருந்தாத்தான் தாளாளர் சாருக்கு ஃபார்ம் வருது" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காதைச் சொறிந்தார். நடிகையிடம் போய், சேலை மடிப்பு ஒழுங்காக இல்லை என்று காஸ்ட்யூம் அக்கா சொன்னதாகச் சொன்னேன். கடைசியாக, ஆர்ட் டிபார்ட்மெண்ட் செய்து வைத்திருந்த பொம்மை ஃபைல்களில் இருப்பதிலேயே கேவலமானதைப் பொறுக்கி எடுத்தேன். உள்ளே பழைய செய்தித்தாள், மேலே டீக் கறை.

நடக்கும் என்றெல்லாம் நினைக்கவில்லை. நடக்காமல் போனால் எனக்கு ஒன்றுமில்லை. நடந்தால் என் லொகேஷன் போகும், இன்னும் ஒரு காட்சி பாக்கி இருந்தது, புரொட்யூசர் என்னை உரித்துவிடுவார். ஆனாலும் கை அந்தக் கேவலமான ஃபைலைத்தான் எடுத்தது.

சாயங்கால ஒத்திகையில் வில்லன் நடிகர் அந்த ஃபைலை மிஸ் முன்னால் மேஜை மேல் வீசி, "எடுத்துட்டுப் போ!" என்று பல்லைக் கடித்தார். நான் தாளாளரையே பார்த்தேன். அவருக்கு உடம்பெல்லாம் ஊறியது.

"மேடம், ஒரு நிமிஷம். குடுக்கும்போதுதான் பெரிய மனுஷத்தனமே தெரியணும். கோர்ட்டு சொல்லிக் குடுத்தாலும், நாமளா பாத்துக் குடுத்த மாதிரி இருக்கணும். அக்கரக்காரனுக்கு அது வராது. நான் காட்டுதேன்."

உட்கார்ந்தார். "சார், கண்ணாடில லைட் அடிக்குது" என்றார் கேமராமேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் பொம்மை ஃபைலை நீட்டினேன். கையில் வாங்கியதும் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, பழைய பேப்பரு? இதக் கையில வச்சுக்கிட்டு எவனுக்கு மொகத்துல களை வரும்?" என்று அதை என்னிடமே திருப்பிப் போட்டார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பீரோவைத் திறந்தார். "எத எடுக்க?"

"ரெண்டாம் தட்டு அய்யா" என்றார் ரிஸ்வானா மிஸ். குரலில் நடுக்கமே இல்லை. "நீலக் கலர் ஃபைலு. கேமராவுக்கு நல்லா இருக்கும்."

கேமராமேன் லென்ஸைப் பார்த்தபடியே தலையாட்டினார். "நீலம் ஓகே சார்."

தாளாளர் நீல ஃபைலை உருவினார். தூசியை ஊதினார். நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்து நின்று கொடுப்பதில்தான் விசேஷம் என்று எங்களுக்கு விளக்கினார். இரண்டு கையாலும் நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு கனிவு, நானே நம்பிவிட்டேன்.

"நல்லா இரும்மா. எங்க போனாலும் நம்ம காலேஜ் பேரக் காப்பாத்தணும்."

"காப்பாத்துதேன் அய்யா. வாறேன்."

மிஸ் இரண்டு கையாலும் வாங்கினார். திரும்பினார். ஓடவில்லை. பைய நடந்து வாசலைத் தாண்டினார். மேடம் கட் சொல்லவில்லை. தாளாளர் கனிவான முகத்தோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். வெளியே ஒரு பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அது கேட்டைத் தாண்டிப் போய்த் தேய்ந்து அடங்கிய பிறகுதான் மேடம் "கட்" என்றார்.

முதலில் கை தட்டியது சங்கரபாண்டி சார். பிறகு ரூம் முழுக்க. காலையிலிருந்து மரக்கட்டையாக நின்ற ஆட்கள், விசில் அடிக்காத குறை. தாளாளர் எல்லாப் பக்கமும் கும்பிட்டார். உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அப்போதுதான் பீரோவைப் பார்த்தார். இரண்டாம் தட்டில் ஒரு பல் விழுந்த மாதிரி இடைவெளி.

"ஏம்மா பெனிட்டா... அது நெசச் சர்டிபிகேட்டுல்லா?"

என் வேலை என் கண் முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றது. காப்பாற்றியவர் வில்லன் நடிகர். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. தாளாளரின் கையைப் பிடித்துக் குலுக்கி, கண்கலங்கிச் சொன்னார். "சார், நெஜ சர்டிபிகேட்டையே எடுத்துக் குடுத்தீங்களா! இவ்வளவு பெரிய மனசை நான் எப்படி சார் நடிக்கிறது?"

மறுபடி கைதட்டல். தாளாளர் கைதட்டலைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், கட் சொன்ன பிறகும் ஓடிக்கொண்டிருந்த கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

"குடுக்கணும்னுதான வச்சிருந்தேன்" என்றார். "நம்ம காலேஜ்ல கேட்டா குடுத்திருவோம்."

"அப்படின்னா அய்யா," என்று கூட்டத்திலிருந்து சங்கரபாண்டி சார் ஒரு அடி முன்னால் வந்தார், "எனக்கும் ஒரு டேக் போலாமா? என்னதும் ரெண்டாம் தட்டுதான்."

அந்தச் சிரிப்பு மாதிரி ஒரு சிரிப்பை அந்தக் கட்டடம் அதற்கு முன் கேட்டிருக்காது. தாளாளரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பீரோவைப் பூட்டினார்.

மறுநாள் ஞாயிறு, பாக்கி ஒரு காட்சிக்காகப் போனோம். தாளாளர் மேடத்தையும் என்னையும் ரூமுக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார். டீ வந்தது. "அப்பா இன்னும் கடலுக்குப் போறாவளா? வயசான காலத்துல பாத்துக்கோம்மா" என்று மீன்பிடிக்கப் போகிற என் அப்பாவை விசாரித்தார். நான் வாயைத் திறக்கும் முன் அவரே முந்திக்கொண்டார். "ஷூட்டிங் விஷயமாத்தானம்மா? ஆடிட் நடக்குது. ரூம் சாவி செக்ரட்டரிகிட்ட இருக்கு."

ரூமுக்குள் உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொன்னார்.

மேடம் டீயைக் குடித்து முடித்தார். "சூப்பர் சார்" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் எனக்கு மக மாதிரி" என்றார் தாளாளர்.

அன்று மத்தியானமே பாலத்தைத் தாண்டி அக்கரைக் கல்லூரிக்குப் போனேன். அந்தத் தாளாளரிடம் கதையை ஒரு வரி விடாமல் சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன். அவர் யோசித்தார். மேஜையைத் தட்டிச் சிரித்தார். "இக்கரக்காரன்தான? நெனச்சேன்!" என்று ரூமைத் திறந்துவிட்டார். அங்கேயும் ஆள் உயர பீரோ. அங்கேயும் துருக்கித் துண்டு. மேடம் இரண்டையும் பார்த்துவிட்டு, "கன்டினியுட்டிக்கு நாம ஒண்ணுமே மாத்த வேண்டாம்" என்றார்.

ரிஸ்வானா மிஸ் திங்கட்கிழமை சேர்ந்துவிட்டார். பாலிடெக்னிக் வாசலில் நின்று, நீல ஃபைலை நெஞ்சோடு அணைத்து ஒரு போட்டோ அனுப்பினார். கீழே ஒரே வார்த்தை, "கட்".

சீரிஸ் வெளிவந்தது. ஏழாவது எபிசோடில் சர்டிபிகேட்டைக் கொடுக்கும் குளோசப்பில் வருவது வில்லன் நடிகரின் கை இல்லை, தாளாளரின் கை. மேடம் ஒத்திகையிலிருந்து எடுத்துச் சேர்த்துவிட்டார். பட்டமளிப்பு விழாவுக்கு வருகிற விருந்தினர்களிடமெல்லாம் தாளாளர் போனை நீட்டி, "இந்தக் கை யாருது தெரியுமா?" என்று கேட்கிறாராம். ரிசப்ஷனில் சீரிஸ் போஸ்டரைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அட்மிஷனுக்கு வருகிற பெற்றோர் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள்.

இந்தக் கட்டுரையைத் தட்டி முடிக்கும் முன் சங்கரபாண்டி சாருக்கு ஒரு போன் போட்டேன். எடுத்ததும், "என்னம்மா, அடுத்த சீசன் எப்ப?" என்றார்.

அவருடைய ஃபைல் இன்னும் அந்த இரண்டாம் தட்டில்தான் இருக்கிறது.